நீல உடையில் ஓர் இளவரசி

வியன்னா நகரின் கலை வரலாற்று அரும்பொருட்சாலையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் ஓவியம் உள்ளது. உயரம் 127 சென்ரிமீற்றர், அகலம் 107 சென்ரிமீற்றர். அச்சிறுமியின் பெயர் மார்கரீத்தா தெரேசா. ஸ்பானிய மன்னன் நான்காம் பிலிப்பின் மகள். ஸ்பானிய அரசவை வழக்கில் அரச குலத்துப் பெண்மக்களை ‘இன்பாந்தா’ என்பர். 1659ஆம் ஆண்டு இவ்வோவியத்தைத் தீட்டியவர் தியேகோ வெலாஸ்கெஸ். அவர் தம் வாழ்நாளின் இறுதியில் தீட்டிய ஓவியங்களுள் இதுவும் ஒன்று. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவர் மறைந்தார்.

ஓவியத்தை முதன்முறை காண்போரின் கண்ணைக் கவர்வது சிறுமியின் முகமன்று, அவளது உடையே. வெள்ளிச் சரிகைப் பட்டிகள் ஓடும் நீலநிற உடை, இடுப்பிலிருந்து இருமருங்கும் அகன்று விரிந்து, ஓவியத்தின் குறுக்களவை ஏறக்குறைய முழுவதுமாகப் பற்றிக்கொள்கிறது. அந்த அகலத்தினால் அவளுடைய கைகள் உடலோடு ஒட்டித் தொங்க இயலாமல் விலகி நிற்கின்றன. இடக்கையில், குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் பழுப்புநிற மென்மயிர் உறை ஒன்று. பின்னணியில் இருள். அதற்குள் தளபாடம் ஒன்றின் மங்கலான உருவம். இவற்றையெல்லாம் கடந்த பின்னரே வெளிறிய சிறு முகத்தை, பொன்னிறக் கூந்தலை, நேராக நோக்கும் விழிகளை வந்தடைகிறது பார்வை. உடைக்குள் ஒரு குழந்தை இருக்கிறது என்பதைக் காண்பவர் சற்றுத் தாமதித்தே உணர்கிறார்.

இத்தாமதம் தற்செயலானதன்று. அவ்வுடைக்கும் அவ்வோவியத்துக்கும் ஒரு பணி இருந்தது. ஓவியம் மட்ரிட் அரண்மனையின் சுவருக்காகத் தீட்டப்பட்டதன்று. வியன்னாவிலிருந்த ஓர் இளைஞனுக்கு அனுப்புவதற்காகவே தீட்டப்பட்டது. அவ்விளைஞன் 1658ஆம் ஆண்டு புனித உரோமப் பேரரசனாகத் தெரிவுசெய்யப்பட்ட முதலாம் லியோப்போல்ட். அவனுக்கு அப்போது வயது பத்தொன்பது. அவன் மணக்கவிருந்த பெண் எவ்வாறு வளர்ந்து வருகிறாள் என்பதைக் காட்டுவதே ஓவியத்தின் நோக்கம்.

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கலைப் பாணியைப் பரோக் எனக் குறிப்பிடுவது வழக்கம். ஒளிக்கும் இருளுக்குமிடையிலான கூர்மையான முரண், அசைவு, ஆடம்பரம், காண்போரின் உணர்ச்சியைத் தாக்கும் நாடகத்தன்மை என்பன அதன் பொதுப் பண்புகளாகக் கொள்ளப்படுகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையும் முடியரசுகளும் தம் பெருமையைக் கண்ணால் காணத்தக்கதாக ஆக்கிக்கொள்வதற்கு இப்பாணியைப் பெரிதும் பயன்படுத்தின. அரச குலத்தோரின் உருவப்படங்களில் பெரும் தூண்களும், சரிந்து விழும் செந்நிறத் திரைகளும், பாயும் குதிரைகளும் இடம்பெற்றமை இக்காரணம் பற்றியே. ரூபன்சும் வான் டைக்கும் இத்துறையில் வல்லவர்களாக விளங்கினர்.

எனினும் ஸ்பானிய அரசவையின் மரபு சற்று வேறுபட்டது. அங்கு மன்னனின் பெருமை ஆரவாரத்தில் அன்றி அசைவின்மையில் தங்கியிருந்தது. பொதுவிடத்தில் சிரிக்காமலும் முகம் மாறாமலும் இருப்பதே அரசனுக்கு அழகெனக் கருதப்பட்டது. நான்காம் பிலிப் அவ்வொழுக்கத்தில் தேர்ந்தவன் எனப் பெயர் பெற்றிருந்தான். எட்டு வயதுக் குழந்தையும் அதே ஒழுக்கத்தைக் கற்றாக வேண்டியிருந்தது. நீல உடை ஓவியத்தில் அவளுடைய முகத்தில் காணப்படும் அமைதி இயல்பானதா, பயிற்றப்பட்டதா என்ற வினா இங்கிருந்தே எழுகிறது.

அவ்விரு அரசவைகளுக்குமிடையிலான உறவைப் பிறமொழியில் விளக்குவதிலும் தமிழ் உறவுமுறைச் சொற்களால் விளக்குவது எளிது. நான்காம் பிலிப் தன் தங்கையின் மகள் மரியானாவை 1649ஆம் ஆண்டு மணந்தான். அவனுக்கு வயது நாற்பத்து நான்கு, அவளுக்குப் பதினான்கு. அவள் முதலில் பிலிப்பின் மகனுக்கே நிச்சயிக்கப்பட்டிருந்தவள். அம்மகன் 1646இல் இறந்துவிடவே, மருமகளாக வரவிருந்தவள் மனைவியாக வந்தாள். அவர்களுடைய மூத்த குழந்தையாக 1651ஆம் ஆண்டு யூலை மாதம் 12ஆம் நாள் மார்கரீத்தா பிறந்தாள். லியோப்போல்ட் மரியானாவின் உடன்பிறந்த தம்பி. ஆகவே அவன் மார்கரீத்தாவுக்குத் தாய்மாமன். அவனுடைய தாய் பிலிப்பின் தங்கை என்பதால், அவன் அவளுக்கு அத்தை மகனுமாவான். ஒரே ஆளை மாமன் என்றும் மச்சான் என்றும் அழைக்கத்தக்க அளவுக்கு அக்குலம் தன்னைத் தானே சுற்றிப் பின்னிக்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் பாசமன்று, சொத்து. ஹப்ஸ்பேர்க் வம்சம் ஸ்பெயினிலும் ஒஸ்ரியாவிலுமாக இரு கிளைகளாகப் பிரிந்திருந்தது. ஒரு கிளையில் ஆண்வாரிசு அற்றுப்போகுமானால் மறு கிளை அதன் உடைமைகளை உரிமை கோர வேண்டும். அந்நியர் கைக்கு அவை போகக்கூடாது. தலைமுறைதோறும் இரு கிளைகளுக்குமிடையே பெண் கொடுத்துப் பெண் எடுத்தமை இதற்காகவே. நிலமும் வீடும் வெளியே போகாதிருக்கச் சொந்தத்துக்குள் கலியாணம் பேசும் வழக்கத்தை அறிந்த சமூகத்தவருக்கு இதன் தருக்கம் உடனே விளங்கும். இங்கு வளவுக்கும் வயலுக்கும் நடந்த பேச்சு அங்கு கண்டங்களுக்கு நடந்தது என்பதே வேறுபாடு.

அக்கண்டங்களின் ஓரத்தில் யாழ்ப்பாணமும் ஒருகால் இருந்தது. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலின் முடியும் ஸ்பானிய மன்னரின் தலையிலேயே இருந்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தபோது அம்முடியை அணிந்திருந்தவன் மார்கரீத்தாவின் பாட்டன் மூன்றாம் பிலிப். 1621 முதல் 1640 வரை அணிந்திருந்தவன் அவளுடைய தந்தை. அவள் பிறப்பதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்னரே போர்த்துக்கல் பிரிந்து சென்றுவிட்டது. ஒல்லாந்தின் விடுதலையை 1648இல் ஸ்பெயின் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. நீல உடை ஓவியம் தீட்டப்பட்ட அதே 1659ஆம் ஆண்டில் பிரான்சுடன் செய்துகொண்ட பிரெனீஸ் உடன்படிக்கையும் ஸ்பெயினின் தளர்ச்சியையே காட்டிற்று. சரிகை மின்னும் உடைக்குப் பின்னால் இருந்த அரசு தேய்ந்துகொண்டிருந்தது.

பிரெனீஸ் உடன்படிக்கையின் பயனாக, பிலிப்பின் முதல் மனைவிக்குப் பிறந்த மூத்த மகள் மரியா தெரேசா 1660இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயிக்கு மனைவியானாள். வியன்னாவுக்கு எஞ்சியிருந்தவள் மார்கரீத்தா. எனவே சின்னஞ்சிறு பருவத்திலிருந்தே அவளது வளர்ச்சியைக் காட்டும் ஓவியங்கள் அங்கு அனுப்பப்பட்டு வந்தன. வெலாஸ்கெஸ் தீட்டிய மூன்று ஓவியங்களை இன்றும் வியன்னாவில் அடுத்தடுத்துக் காணலாம். முதலாவதில் அவள் இரண்டு மூன்று வயதுக் குழந்தை. இளஞ்சிவப்பும் வெள்ளியும் கலந்த உடை, கையில் விசிறி, பக்கத்து மேசையில் கண்ணாடிக் குவளையில் மலர்கள். இரண்டாவதில் ஐந்து வயது, வெண்ணிற உடை. மூன்றாவதே நீல உடை. இம்மூன்றையும் வரிசையாக நோக்கும்போது ஒரு குழந்தை வளர்வது தெரிகிறது. உடை அவளைவிட வேகமாக வளர்வதும் தெரிகிறது.

அவ்வுடையின் உட்புறத்தே வளையங்களாலான கூடு ஒன்று இருந்தது. பாவாடையை இருபுறமும் விரித்துத் தாங்கும் அக்கூட்டுக்கு ஸ்பானியர் வழங்கிய பெயர் ‘குவார்தா இன்பாந்தே’. குழந்தைக் காப்பு என்பது அதன் பொருள். மகளிர் தம் கருப்பத்தை மறைக்க அது உதவிற்று என்பதால் அப்பெயர் வந்ததாகக் கூறுவர். குழந்தையை மறைக்கும் கூட்டுக்குள் ஒரு குழந்தையையே நிறுத்தியிருந்தனர். அவளிடமிருந்து அவ்வம்சம் எதிர்பார்த்ததும் குழந்தைகளையே. இதனை அறிந்த பின்னர் அவ்வுடையை வெறும் அலங்காரமாக நோக்குதல் கடினம்.

இன்றைய காண்போருக்கு இவ்வழக்கம் முற்றிலும் புதியதன்று. தமிழர் வீடுகளில் சம்பந்தம் பேசுவதற்கு முன்னர் பெண்ணின் புகைப்படம் கைமாறுவது அண்மைக் காலம்வரை அறியப்பட்ட செய்தி. ஸ்ரூடியோவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, இரவல் நகை பூட்டப்பட்டு, ‘இப்படி நில், அப்படிப் பார்’ என்று ஏவப்பட்டு எடுக்கப்படும் படம். அப்படம் பெண்ணைப் பற்றி எதனையும் கூறுவதில்லை. அவளைப் பற்றி அறிய விரும்பும் பிறரின் கேள்விகளுக்கு மட்டுமே விடை கூறுகிறது. நிறம் என்ன, உயரம் என்ன, உடலில் குறையேதும் உண்டா? மட்ரிட்டிலிருந்து சென்ற ஓவியங்களும் இவ்வினாக்களுக்கே விடையளித்தன. நிற்கும் பெண்ணின் கேள்வி எதற்கும் அங்கு இடமில்லை. அனுப்பப்படும் படத்துக்குப் பின்னால் எழுதப்படாத ஒரு விலைப்பட்டியல் எப்போதும் இருந்து வந்திருக்கிறது.

இவ்வளவும் ஓவியத்தின் பணி பற்றியன. ஆயின் ஓவியம் தன் பணியோடு முடிந்துவிடுவதில்லை. அது வெறும் விலைப்பட்டியலாக இருந்திருந்தால் லியோப்போல்ட் பார்த்து முடித்த அன்றே அதன் ஆயுளும் முடிந்திருக்கும். அங்ஙனம் முடியாமைக்குக் காரணம் ஓவியர் நோக்கிய முறை.

வெலாஸ்கெஸ் 1599இல் செவில் நகரில் பிறந்தவர். 1623 முதல் அரசவை ஓவியர். பின்னாளில் அரண்மனையின் தங்குமிட ஏற்பாடுகளையும் மேற்பார்வை செய்யும் பெரும் அலுவலராக உயர்ந்தார். அவருடைய இறுதி ஆண்டுகளின் பெரும்பகுதியை அவ்வலுவல்களே விழுங்கின. 1660இல் மரியா தெரேசாவைப் பிரெஞ்சு மன்னனிடம் கையளிக்கும் வைபவத்துக்காக எல்லையிலுள்ள பேசான் தீவில் மண்டபம் அலங்கரிக்கும் பொறுப்பும் அவருடையதே. ஓர் இளவரசியைக் கையளிக்க மண்டபம் அலங்கரித்தார். மற்றோர் இளவரசியை அனுப்புமுன் அவளுடைய படத்தைத் தீட்டினார். அவரும் அவ்வரண்மனை இயந்திரத்தின் ஒரு சில்லுத்தான் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் அதே அரண்மனையில் அவர் வேறு சிலரையும் தீட்டினார். அரச குலத்தோரின் பொழுதுபோக்குக்காக வைத்திருக்கப்பட்ட குள்ளர்களும் கோமாளிகளும் அவர்கள். செபஸ்தியான் தே மோர்ரா என்னும் குள்ளர் தரையில் அமர்ந்து நேராக நோக்கும் ஓவியத்தைக் கண்டோர் அந்நோக்கின் கடுமையை எளிதில் மறவார். பிறர் நகைப்புக்காக வைத்திருந்த மனிதரை நகைப்புக்கு இடமின்றித் தீட்டிய தூரிகை அது. அரசனின் முகத்துக்கு ஓர் ஒளியும் ஊழியனின் முகத்துக்கு வேறோர் ஒளியும் அத்தூரிகையிடம் இல்லை. மார்கரீத்தாவின் முகத்தைத் தீட்டியதும் அதே தூரிகைதான். அது அவளை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை.

நீல உடை ஓவியத்தை அண்மையில் சென்று நோக்குவோருக்கு வியப்பொன்று காத்திருக்கிறது. தொலைவிலிருந்து வெள்ளிச் சரிகையாக மின்னியவை அண்மையில் வெறும் சாம்பல்நிற, வெண்ணிறத் தீற்றல்களாகப் பிரிந்துபோகின்றன. நூலும் இல்லை, பின்னலும் இல்லை. விரைந்தோடிய தூரிகையின் தடங்களே உள்ளன. அரசவை பெரும் பொருள் செலவிட்டு ஆக்கிய ஆடம்பரத்தைச் சில தீற்றல்களால் ஓவியர் முடித்துவிடுகிறார். முகத்திலோ நிலைமை வேறு. அங்கு வண்ணங்கள் மென்மையாக ஒன்றோடொன்று கரைகின்றன. தூரிகையின் தடம் அடங்கிவிடுகிறது. வியன்னாவுக்குச் செல்லவேண்டிய செய்தி உடையில் இருந்தது. ஓவியர் நின்று நிதானித்த இடம் முகம். ஏவப்பட்ட பணியைச் செய்துகொண்டே அப்பணியில் அடங்காத ஒன்றையும் செய்ய ஒரு கலைஞனால் இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்விடத்தில் 1656இல் தீட்டப்பட்ட மற்றோர் ஓவியத்தையும் ஒப்புநோக்க வேண்டும். மட்ரிட்டின் பிராடோ அரும்பொருட்சாலையிலுள்ள ‘லாஸ் மெனினாஸ்’ என்பதே அது. மூன்று மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடையது. அதன் நடுவே ஐந்து வயது மார்கரீத்தா வெண்ணிற உடையில் நிற்கிறாள். தோழியருள் ஒருத்தி மண்டியிட்டுச் சிறிய செந்நிற மட்குவளையை நீட்டுகிறாள். மற்றவள் வணங்கிக் குனிகிறாள். வலப்புறம் மாரிபார்போலா, நிக்கொலாஸ் பெர்த்துசாத்தோ என்னும் குள்ளர் இருவரும் படுத்திருக்கும் நாயும். இடப்புறம் பெரிய துணிச்சட்டத்தின் முன் தூரிகையோடு வெலாஸ்கெஸ். பின்சுவர்க் கண்ணாடியில் மன்னனும் அரசியும் மங்கலாகத் தெரிகின்றனர். இவர்களுட் பெரும்பாலோரின் பெயர்களை 1724இல் பலோமினோ எழுதிய வாழ்க்கை வரலாற்றால் அறிகிறோம். ஓவியத்தின் இன்றைய பெயர் 1843ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே முதலில் காணப்படுகிறது. அதற்கு முன்னர் அது ‘குடும்பம்’ என்றே வழங்கிற்று.

இவ்வோவியம் எவருக்கும் அனுப்பப்படவில்லை. மன்னன் கோடைகாலத்தில் அலுவல் பார்க்கும் அந்தரங்க அறையில் அது மாட்டப்பட்டது. வியன்னாவுக்குச் சென்ற ஓவியங்களில் மார்கரீத்தா தனியாக நிற்கிறாள்; அவளுக்குப் பக்கத்தில் எவருமில்லை, அவள் எவருக்கும் உறவில்லை. தந்தை தனக்கென வைத்துக்கொண்ட ஓவியத்தில் அவளைச் சுற்றி மனிதர் இருக்கின்றனர், தாகத்துக்கு நீர் கொடுக்க ஒருத்தி இருக்கிறாள், நாய் இருக்கிறது, அவள் நோக்கும் திசையில் பெற்றோர் இருக்கின்றனர். விலையாக அனுப்பும் குழந்தை ஒன்று, வீட்டில் வளரும் குழந்தை ஒன்று. இரண்டையும் அம்மன்னன் அறிந்தே இருந்தான் என்று தோன்றுகிறது. அறிந்தும் அவன் அனுப்பினான். கொடுமையில்லாத தந்தையரும் இக்காரியத்தைச் செய்ய இயலும் என்பதே இதில் மனங்கொள்ளத்தக்கது.

நான்காம் பிலிப் 1665ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இறந்தான். வெலாஸ்கெசின் மருமகன் மாசோ தீட்டிய ஓவியம் ஒன்றில் மார்கரீத்தா கறுப்புத் துக்க உடையில் காணப்படுகிறாள். 1666 ஏப்ரலில் மட்ரிட்டில் மணமகன் இல்லாமலே, அவனுக்குப் பதிலாள் நிற்க, திருமணம் நடந்தேறியது. அவ்வாண்டு டிசெம்பரில் அவள் வியன்னாவை அடைந்தபோது வயது பதினைந்து. அங்கு அவளை வரவேற்ற விழாக்களின் ஆடம்பரம் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. 1668இல் அவளுடைய பிறந்தநாளுக்கென செஸ்தி இசையமைத்த ‘பொன் அப்பிள்’ என்னும் இசைநாடகம் அரங்கேறியது. கணவனை அவள் ‘மாமா’ என்றே அழைத்துவந்தாள் என்பர். அவன் அவளை ‘கிறெற்ல்’ எனச் செல்லப்பெயரால் அழைத்தான். இருவருக்கும் இசையில் நாட்டமிருந்தது. அது அன்பற்ற மணவாழ்க்கை எனக் கூறுவதற்கில்லை.

ஆயினும் அவளது உடல் அதற்கு விதிக்கப்பட்ட பணியிலிருந்து தப்பவில்லை. ஆறாண்டுகளுக்குள் நான்கு குழந்தைகளைப் பெற்றாள். அவர்களுள் 1669இல் பிறந்த மரியா அந்தோனியா ஒருத்தியே உயிர் பிழைத்து வளர்ந்தாள். மீண்டும் கருவுற்றிருந்த நிலையில் 1673 மார்ச் 12ஆம் நாள் மார்கரீத்தா இறந்தாள். வயது இருபத்தொன்று. அவ்வாண்டு முடிவதற்குள் லியோப்போல்ட் மறுமணம் செய்துகொண்டான். பிழைத்த மகளும் 1692இல், பிரசவத்துக்குப் பின்னர், இருபத்து மூன்று வயதில் இறந்தாள். அவள் பெற்ற மகன் ஸ்பெயினின் வாரிசாக அறிவிக்கப்பட்டு, 1699இல் ஆறு வயதில் மாண்டான். அடுத்த ஆண்டு மார்கரீத்தாவின் தம்பி இரண்டாம் கார்லோசும் பிள்ளையின்றி மறைந்தான். 1701 முதல் 1714 வரை ஐரோப்பா முழுவதையும் போர் சூழ்ந்தது. எந்தச் சொத்தைக் காப்பதற்காக ஓவியங்கள் அனுப்பப்பட்டனவோ, அச்சொத்து அன்னியர் கைக்கே போயிற்று. ஸ்பெயினின் அரியணையில் பதினான்காம் லூயியின் பேரன் அமர்ந்தான்.

இக்கதையை இத்துடன் நிறுத்திவிட்டால் மார்கரீத்தா பலியாடாகவே காட்சி தருவாள். வரலாறு அவ்வளவு எளிதாக இரங்க விடுவதில்லை. 1669, 1670ஆம் ஆண்டுகளில் லியோப்போல்ட் வியன்னாவிலிருந்த யூதர்களை நகரைவிட்டு வெளியேற்றினான். அவர்களுடைய தொழுகைக் கூடம் இருந்த இடத்தில் தேவாலயம் எழுந்தது. அவர்கள் வாழ்ந்த பகுதிக்குப் பேரரசனின் பெயரால் லியோப்போல்ட்ஸ்ராட் என்று பெயரிடப்பட்டது. அவ்வெளியேற்றத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவர்களுள் ஒருத்தியாக மார்கரீத்தாவையும் வரலாற்றாசிரியர் குறிப்பிடுகின்றனர். தன் குழந்தைகள் இறப்பதற்குக் காரணம் தேடிய அவ்விளம்பெண்ணுக்கு, யூதர் மீதான வெறுப்பைத் தெய்வநம்பிக்கையாக ஊட்டி வளர்த்த சூழல் ஒரு விடையைக் கொடுத்தது. அவ்விடையின் விலையைத் தம் வீடுகளால் செலுத்தியவர்கள் வேறு மனிதர்கள். அவர்களுடைய குழந்தைகளின் உருவத்தை எந்த அரசவை ஓவியரும் தீட்டி வைக்கவில்லை.

ஒரு பெண் தன்னளவில் அதிகாரத்தின் பண்டமாகவும், பிறரளவில் அதிகாரத்தின் கருவியாகவும் ஒரே காலத்தில் இருக்க இயலும். முதலாவதைக் கூறி இரண்டாவதை மறைப்பது இரக்கமன்று. இரண்டாவதைக் கூறி முதலாவதை மறுப்பது நீதியுமன்று. எட்டு வயதுச் சிறுமியின் முகத்தில் இவ்விரண்டும் இன்னும் எழுதப்படவில்லை.

அதனாலேயே அம்முகத்தில் துயரத்தைக் காண்போரின் கருத்தைச் சற்று நிதானத்துடன் அணுக வேண்டும். அவ்வோவியத்தின் முன் நிற்போர் பலர், அவளுடைய விழிகளில் வரவிருக்கும் அழிவின் நிழல் தெரிவதாக உணர்வதுண்டு. ஆயினும் 1659இல் வெலாஸ்கெசுக்கு 1673 தெரியாது. அச்சிறுமிக்கும் தெரியாது. இறந்த குழந்தைகளையும், வெளியேற்றப்பட்டோரையும், போரையும் அறிந்தவர் பின்னால் வந்தவரே. அவ்வறிவைத் தாமே கொண்டுசென்று அம்முகத்தில் வைத்துவிட்டு, பின்னர் அதனை அங்கே கண்டெடுத்ததாக எண்ணி நெகிழ்கின்றனர். அவளை மணமகளாக நோக்கியவன் லியோப்போல்ட். சோகக் காவியத்தின் நாயகியாக நோக்குவோர் பின்னால் வந்தோர். இருசாராருமே தமக்குத் தேவையான ஒன்றைத்தான் அவளிடம் தேடுகின்றனர்.

பின்னால் வந்த கலைஞரும் அவளைத் தத்தம் தேவைக்கு அழைத்தனர். 1957இல் பிக்காசோ ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தை மையமாகக் கொண்டு ஐம்பத்தெட்டு ஓவியங்களை வரைந்தார். அவற்றுட் பலவற்றில் சிறுமியின் முகம் வெட்டியும் மடித்தும் மீளவும் ஒட்டப்பட்டதுபோல் தோன்றுகிறது. 1966இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பூக்கோ, அறிவின் வரலாறு பற்றிய தம் நூலொன்றை அவ்வோவியத்தின் விளக்கத்தோடு தொடங்கினார். அவரது ஆராய்ச்சியில் கண்ணாடியும் நோக்கின் கோடுகளும் பெற்ற இடத்தை அக்குழந்தை பெறவில்லை. பல்கலைக்கழகங்களில் இன்று அவ்வோவியத்தைப் பற்றி நிகழும் விவாதங்கள் பெரும்பாலும் அவ்வழியிலேயே செல்கின்றன. எவர் எவரை நோக்குகிறார் என்பது நுட்பமான வினாதான். ஆனால் நோக்கப்படுபவளுக்குக் கால் வலித்ததா என்ற வினாவும் வினாவே.

அவ்வினாவுக்கு விடை தருவதுபோல் நீல உடை ஓவியத்தில் ஒன்று உண்டு. உடை முழுவதும் ஆணைக்குக் கட்டுப்பட்டு விறைத்து நிற்கிறது. கைகளும் கட்டுப்பட்டு நிற்கின்றன. முகம் மட்டும் முற்றாகக் கட்டுப்படவில்லை. அதில் மகிழ்ச்சியில்லை, துயரமும் இல்லை. நெடுநேரம் நிற்கப் பணிக்கப்பட்ட எந்தக் குழந்தையின் முகத்திலும் காணத்தக்க பொறுமை இருக்கிறது; தன்முன் தூரிகையோடு நிற்கும் மனிதரைத் தானும் நோக்கிக்கொண்டிருக்கும் கவனம் இருக்கிறது. பிறந்த நாள் முதலாய் அவளை அரண்மனையில் கண்டுவந்த அம்முதியவரை அவள் அறிவாள். அவர் முகத்தை அவள் படித்திருக்கவும் கூடும். வியன்னாவில் எவரும் கேட்டிராத விபரம் இது. ஓவியர் அதனையும் சேர்த்தே அனுப்பினார்.

1891இல் வியன்னா அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. ஒரே ஓர் இளைஞன் பார்ப்பதற்கென அனுப்பப்பட்ட சிறுமியை இன்று நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் பார்க்கலாம். பெண்ணுக்கு விலை பேசியவர் எவரும் இன்றில்லை. பேரரசும் இல்லை, 1918இல் அது மறைந்தது. அவளை மதிப்பிடும் உரிமை இப்போது எவருக்கும் இல்லை. அதற்கான தேவையும் இல்லை. அவளைச் சும்மா நோக்குவதற்கு, ஒரு குழந்தை நிற்பதை ஒரு குழந்தை நிற்பதாகவே காண்பதற்கு, அவளுடைய காலத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைத்த வாய்ப்பு இன்று எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது. வெலாஸ்கெஸ் அவ்வாய்ப்பை வீணாக்கவில்லை. அவளுக்கு முன் நிற்கும் ஒவ்வொருவரும் அதனைப் பயன்படுத்திக்கொள்கிறாரா என்பதே எஞ்சியுள்ள கேள்வி.